பிஸ்டல் ரெட் டாட்: ஜீரோ தூரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்டலில் ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) மாட்டியதும் எழும் முதல் கேள்வி, எத்தனை மீட்டரில் ஜீரோ வைப்பது, அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி எந்தத் தூரத்தில் சரிசெய்வது என்பதுதான். யூடியூபில் தேடினால் 10 கெஜம், 25 கெஜம் என்று இரண்டு பதில்கள் வரும். இரண்டும் பெரும்பாலும் அமெரிக்கர்கள் தங்கள் 9 மி.மீ. பிஸ்டலுக்காகச் சொல்பவை. இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம். புதுச்சேரியிலோ கடலூரிலோ இதைப் படிப்பவர் கையில் இருப்பது அனேகமாக .177 ஏர் பிஸ்டல், இல்லாவிட்டால் .22 அல்லது லைசென்ஸ் .32. வேகம் வேறு, டாட் உட்காரும் உயரமும் வேறு. அப்படியிருக்க அந்த எண்ணை மட்டும் கடன் வாங்குவதுதான் எல்லாத் தவறுக்கும் தொடக்கம். போதாக்குறைக்கு கெஜத்தை மீட்டர் என்று வாசித்துவிடுகிறோம். 25 கெஜம் என்பது 22.86 மீட்டர்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகள் எதிலும் ரெட் டாட்டுக்கு அனுமதி இல்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியைக் குறிவைத்துப் பழகுபவருக்கு இந்தச் செலவே வேண்டாம்.

கிட்டத்தில் ஜீரோ வைப்பது

அதிகம் நடப்பதும் அதிகம் கெடுப்பதும் இதுதான். வீட்டில் 5 மீட்டர் இடம்தான் இருக்கிறது, அங்கேயே டாட்டைச் சரிசெய்தாயிற்று, ஓட்டையும் டாட் காட்டிய இடத்தில் விழுகிறது. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

டாட் எப்போதும் பேரலுக்கு மேலேதான் இருக்கும். குண்டு அந்தப் பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, சற்று மேல்நோக்கிச் சென்று கோட்டைத் தொடுகிறது. தொடும் இடத்தைக் கிட்டத்தில் வைத்தால், அதே சில அடிக்குள் அந்த உயரத்தை ஏறியாக வேண்டும்; ஏற்றம் செங்குத்தாகிவிடும். தொட்ட பிறகும் குண்டு அதே வேகத்தில் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

கணக்கில் பார்ப்போம். விநாடிக்கு 150 மீட்டர் வேகமுள்ள ஏர் பிஸ்டல். டாட்டின் நடு, பேரலின் நடுவிலிருந்து 40 மி.மீ. உயரத்தில். இதை 5 மீட்டரில் ஜீரோ வைத்தால் 10 மீட்டரில் பெல்லட் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) சுமார் 27 மி.மீ. மேலே விழும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அடுத்தடுத்த வளையங்கள் 8 மி.மீ. தள்ளித் தள்ளி இருக்கும். அப்படியானால் கையே ஆடாமல் நட்ட நடுவில் குறிவைத்தாலும் கிடைப்பது 7 புள்ளி. அதே பிஸ்டலை 10 மீட்டரில் ஜீரோ வைத்தால், 5 மீட்டரில் 14 மி.மீ. அளவு கீழே விழும், 15 மீட்டரில் மறுபடி கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஏர் பிஸ்டலுக்கு 10 மீட்டர்தான் சரி என்பதற்கு இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

.32 கதை கொஞ்சம் வேறு. 71 கிரெய்ன் (சுமார் 4.6 கிராம்) குண்டு, விநாடிக்கு 275 மீட்டர், டாட் உயரம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் ஜீரோவில் 10 மீட்டரில் 5 மி.மீ. கீழே, 25 மீட்டரில் 2 மி.மீ. கீழே. கையின் நடுக்கத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. 5 மீட்டர் ஜீரோவில் அதே குண்டு 25 மீட்டரில் 6 செ.மீ.க்கு மேல் ஏறி நிற்கும். ஆக, .32-க்கு 15, 25 இரண்டில் எது என்று சண்டை போடுவது வீண். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதைதான். ரேஞ்சில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

கிட்ட ஜீரோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. பிஸ்டல் டாட்டுகள் பலவற்றில் சரிசெய்யும் திருகின் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்). அது 5 மீட்டரில் ஒன்றரை மி.மீ., 10-இல் 2.9, 25-இல் 7.3. ஐந்து மீட்டரில் ஒரு கிளிக் தப்பாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது, ஓட்டைக்குள்ளேயே மறைந்துவிடும். 3 மி.மீ. பிழை 25 மீட்டரில் 15 ஆகிறது. இடம் இல்லாதவர் 5 மீட்டரில் தோராயமாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. மேலே சொன்ன ஏர் பிஸ்டலானால், டார்கெட்டின் நடுவிலிருந்து 14 மி.மீ. கீழே விழும்படி வைத்துவிட்டு, பிறகு 10 மீட்டரில் உறுதிசெய்ய வேண்டும்.

உயரத்தை அளக்காமல் விடுவது

மேலே சொன்ன எண்கள் உங்கள் பிஸ்டலுக்கு அப்படியே பொருந்தாது. வெர்னியர் எடுத்து, பேரல் வாயின் நடுவிலிருந்து டாட் கண்ணாடியின் நடு வரை அளந்து எழுதி வையுங்கள். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகம்) குடைந்து உள்ளே இறக்கியதும் பின் சைட் (பிஸ்டலோடு வரும் இரும்புக் குறிமுனை) பள்ளத்தில் பிளேட் போட்டு ஏற்றியதும் ஒரே உயரம் ஆகாது. ஏர் பிஸ்டல் ரெயிலில் குழாய் வடிவ டாட் மாட்டினால் 40-ஐயும் தாண்டும். லைசென்ஸ் துப்பாக்கியில் குடையும் வேலையை, அதற்கு உரிமம் பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். லேத் பட்டறை வேலை அல்ல.

தூரத்தையும் டேப் வைத்தே அளக்க வேண்டும். மொட்டைமாடியில் காலடி வைத்து எண்ணிய பத்து மீட்டர் பல நேரம் எட்டரைதான். அதே மாடியில் சுடுபவர்கள் கைப்பிடிச் சுவரைத் தடுப்பாக நினைக்கக் கூடாது; சிமென்ட்டில் பட்ட பெல்லட் திரும்பி வரும், தப்பினால் பக்கத்து மாடிக்குப் போகும். சரிவான இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டி, அதற்குப் பின்னால் உயரமான தடுப்பு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இம்மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஒரு ஓட்டையைப் பார்த்துத் திருகுவது

ஒரு ஷாட், உடனே ஸ்க்ரூட்ரைவர். இப்படித் துரத்தினால் டப்பா பெல்லட் தீரும், ஜீரோ வராது. மேசையில் மணல் பை வைத்து, கையை அதில் தாங்கி ஐந்து ஷாட். பேரலையோ ஸ்லைடையோ பையில் சாய்க்காதீர்கள். ஐந்து ஓட்டைகளின் நடுவைப் பென்சிலால் குறித்து அங்கிருந்து அளக்க வேண்டும். 10 மீட்டரில் நடு 14 மி.மீ. கீழே, 6 மி.மீ. இடது என்றால் மேலே 5 கிளிக், வலது 2 கிளிக். திருகின் பக்கத்தில் உள்ள அம்புக்குறி பெரும்பாலும் ஓட்டை நகரும் திசையைக் காட்டும். அப்போது கண்ணாடிக்குள் டாட் கீழே இறங்கினால் தப்பாகத் திருகிவிட்டோம் என்று பதற வேண்டாம். குண்டு மேலே போக டாட் கீழேதான் இறங்க வேண்டும். மீண்டும் ஐந்து, மீண்டும் அளவு.

டாட்டின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஜீரோ வைப்பதும் இங்கேதான் கெடுக்கும். 6 எம்.ஓ.ஏ. டாட் 25 மீட்டரில் 44 மி.மீ. வட்டத்தை மறைக்கிறது, அங்கே பத்தாம் வளையமே 50 மி.மீ.தான். பிரகாசம் அதிகமானால் டாட் இன்னும் பூத்துப் பெரிதாகும். விளிம்பு தெளிவாகத் தெரியும் வரை குறையுங்கள்.

ஓட்டைகள் தொடர்ந்து இடது கீழே போனால், வலக்கைக்காரர் முதலில் தன் விரலைச் சந்தேகிக்க வேண்டும். டிரிகரை இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்து இழுப்பதன் அடையாளம் அது. அந்தப் பிழையை டாட்டில் திருகிச் சமாளித்தால், கை திருந்தும் நாளில் ஓட்டைகள் வலது மேலே ஓடும். அனுபவமுள்ள இன்னொருவரிடம் கொடுத்து அதே தூரத்தில் ஐந்து சுடச் சொல்லுங்கள். அவருக்கு நடுவில் விழுந்தால் டாட்டைத் தொடாதீர்கள்.

முன் சைட்டின் நுனியில் டாட் உட்கார்ந்தால் ஜீரோ ஆகிவிட்டது என்று சிலர் முடித்துக்கொள்கிறார்கள். இரும்பு சைட்டே எங்கே சுடுகிறது என்று தெரியாதபோது அதை வைத்து டாட்டை அளப்பதில் அர்த்தமில்லை.

நம் கடற்கரைக்கு மட்டும்

பிற்பகலில் கடற்காற்று ஏறிய பிறகு திறந்தவெளியில் இடவலம் சரிசெய்யாதீர்கள். எடை குறைந்த பெல்லட்டைக் காற்று தள்ளும், அதையும் ஜீரோவுக்குள் சேர்த்துவிடுவீர்கள். காலை ஏழு மணிக்குள் வைத்துவிடுவது நல்லது. சி.ஓ.டூ. (கரியமில வாயு) பிஸ்டலில் வெயில் கூடினால் அழுத்தம் கூடும், கடகடவென்று சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். அக்னி நட்சத்திர மதியத்தில் வைத்த ஜீரோ மார்கழிக் காலையில் கீழே விழும். ஷாட்டுக்கு ஷாட் கால் நிமிடம் விட்டு, வழக்கமாகச் சுடும் நேரத்திலேயே வைக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புதான் எதிரி. பேட்டரி தொடுமுனையில் பச்சை படியும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். மாட்டும் முன் ஸ்க்ரூவையும் துளையையும் எண்ணெய் போகத் துடைத்து, நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கில் இறுக்குங்கள். பல டாட்டுகளுக்கு அது 12 முதல் 15 இன்ச்-பவுண்ட். பெயின்ட் பேனாவால் ஸ்க்ரூத் தலையிலிருந்து டாட் உடல் வரை ஒரு கோடு போட்டுவிட்டால், தளர்ந்ததா என்று பார்த்தவுடன் தெரியும். பேட்டரி அடியில் இருக்கும் டாட்டை அதற்காகக் கழற்றி மாட்டினால் ஜீரோவை மறுபடி சோதிக்க வேண்டும். பெல்லட் எடையோ தோட்டா பிராண்டோ மாறினாலும் அப்படியே, ஐந்து ஷாட்.