உலகப் போருக்குப் பின் நிவாரணப் பணிக்குப் போன நர்ஸின் கதையை எழுத உட்காருகிறீர்களா?

முதலில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஓரமாக வையுங்கள். நானும் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் எந்த நர்ஸும் உள்ளதை உள்ளபடி எழுதமாட்டாள். ‘நலம், குளிர்தான் அதிகம்’ என்பதோடு சரி. உண்மை ஸ்டோர் பட்டியலிலும் டயட் ஷீட்டிலும்தான் கிடக்கும்.

அவற்றைத் தேட, அவர் எந்த அமைப்பு மூலம் போனார் என்று தெரியவேண்டும். போட்டோவில் சீருடையைப் பாருங்கள். தோளில் அன்ரா (UNRRA) என்ற பட்டை இருந்தால், 1943 நவம்பரில் 44 நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய நிவாரண அமைப்பு அது. ஐரோப்பாவில் 1947 வரை இருந்தது. அதன் காகிதங்கள் நியூயார்க்கில், ஐ.நா. ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சாம்பல் நிறச் சீருடையும் சிவப்பு-கறுப்பு நட்சத்திரமும் என்றால் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நிவாரணக் குழு.

முதல் உலகப் போர்க்காலத்தவர் என்றால் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் வி.ஏ.டி. (தன்னார்வ உதவிப் பிரிவு) ஆட்களின் பதிவு அட்டைகளை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். ஒன்று மட்டும் கவனம்: வி.ஏ.டி.யில் பெரும்பாலோர் முதலுதவி கற்ற தன்னார்வலர்கள், பயிற்சி முடித்த நர்ஸ்கள் அல்ல. குடும்பத்தில் எல்லோரையும் ‘நர்ஸ்’ என்றே சொல்லிவிடுவார்கள். ராணுவ நர்ஸ் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனிக் கோப்பே இருக்கலாம்.

ஊர்ப் பெயர் கிடைக்கவில்லையா? எல்லை மாறியிருக்கும். பிரெஸ்லாவ் இப்போது விரோட்ஸ்வாஃப், லெம்பெர்க் இப்போது லிவிவ். இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

காகிதம் கையில் வந்ததும் அதை வார்டு நர்ஸின் கண்ணோடு படிக்கவேண்டும். ஜெர்மனியில் இருந்த பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஏப்ரல் 15-இல் பிரிட்டிஷ் படை உள்ளே போனபோது ஏறக்குறைய 60,000 பேர் உயிரோடிருந்தார்கள். அதற்குப் பிறகும் 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டைபஸ் காய்ச்சல் ஒரு காரணம், பட்டினி இன்னொன்று. ஒட்டிய வயிற்றில் கொழுப்பான டின் உணவு விழுந்ததும் பலரைக் கொன்றது. பிறகு ‘வங்காளப் பஞ்சக் கலவை’ கொண்டுவந்தார்கள்: பால்பவுடர், மாவு, சர்க்கரை, உப்பு, தண்ணீர். 1943 வங்காளப் பஞ்சத்தில் கற்ற பாடம் அது. கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு வளர்ந்த கிழக்கு ஐரோப்பியர்களுக்கு அந்தத் தித்திப்பு குமட்டியது. பலர் தொடவே இல்லை. டயட் ஷீட்டில் ‘மறுத்தார்’ என்று இருந்தால் நோயாளியின் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஊசி வழியே சத்து ஏற்றவும் முயன்றார்கள். ஊசியைக் கண்டதும் சிலர் அலறினார்கள். முகாம்களில் ஊசி போட்டே ஆட்களைக் கொன்றதை அறிந்தவர்கள், வேறென்ன செய்வார்கள்? இப்படி ஒரு நோயாளிக்கு நரம்பு தேடுவது எத்தனை நேர வேலை என்பது எங்களுக்குத் தெரியும், எந்த அறிக்கையிலும் வராது.

சோப்பு, துண்டு, டி.டி.டி. பவுடர் கணக்கு வந்தால் தாண்டிப் போகாதீர்கள். டைபஸைப் பரப்புவது உடையில் ஒட்டும் பேன். பெல்சனில் குதிரை லாயத்தில் மேசைகள் போட்டு, ஜெர்மன் நர்ஸ்களைக் கொண்டு ஒவ்வொருவரையும் குளிப்பாட்டி, முடி வெட்டி, பவுடர் தூவி, அதன்பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உங்கள் நர்ஸ் ஏன் நாள் முழுக்கப் போர்வை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது இதில் புரியும். மெடல் பற்றி ஒரு வரி போதும், போர்வைக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

கடிதங்களை இப்போது எடுக்கலாம். பட்டியலின் தேதியையும் கடிதத்தின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘நலம்’ எழுதிய வாரம் எப்படிப்பட்ட வாரம் என்று தெரிந்துவிடும்.

நோயாளிகளின் பெயர் வந்தால் அப்படியே அச்சிடாதீர்கள். ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் ஊரில் உள்ள ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் முகாம் கைதிகள், அகதிகள் பற்றிய பதிவுகளை இலவசமாகத் தேடலாம். பெயரின் எழுத்தை நாலு விதமாக மாற்றிப் போடுங்கள். பதிவு செய்த குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள். பொருந்தி வந்தால் காப்பகத்துக்கே எழுதுங்கள். அந்தக் குடும்பம் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.