மாடல் விமான இறக்கையில் குமிழ் இல்லாமல் பட்டை ஒட்ட

ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தின் இறக்கையில் ஃபிலிம் (சூட்டில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) போர்த்தியாகிவிட்டது. அதன்மேல் அதேபோன்ற ஃபிலிமில் வண்ணப் பட்டை ஒட்ட வேண்டும். நேராக இஸ்திரியை வைத்துவிடாதீர்கள். அடியில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, பட்டை முழுக்கக் குமிழ் கிளம்பும்.

பட்டையைக் கண்ணாடிப் பலகையின் மேல் புதிய பிளேடால் வெட்டுங்கள். இறக்கையின் மேலேயே வெட்டினால் அடி ஃபிலிமும் இறக்கையின் இலேசான பால்சா மரமும் கீறிப்போகும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து இறக்கையில் தெளித்து, பின்தாளை உரித்த பட்டையை அந்த ஈரத்தில் மிதக்கவிடுங்கள். இந்த நிலையில் அதை எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்தலாம், அவசரமே வேண்டாம். இடம் சரியானதும், மெல்லிய துணி சுற்றிய பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள், ஓரங்களை மட்டும் குறைந்த சூட்டில் ஒட்டினால் போதும்.

ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது வெளிர் நிறம் அடியில், அடர் நிறம் மேலே. இல்லாவிட்டால் அடி நிறம் தெரியும்.

இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே வடிவமாக இருக்கவே கூடாது. அடியில் அகலமான கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போடுங்கள். தொலைவில் விமானம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று சட்டெனப் புரியும்.