வேலை நிறைந்த வார இறுதியில் அம்மா அப்பா பிறந்தநாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலை பிள்ளைக்கு விளையாட்டுப் போட்டி. மதியம் ஒரு கல்யாணத்துக்குத் தலைகாட்ட வேண்டும். ஞாயிறு காலை காரை சர்வீஸுக்கு விட்டாக வேண்டும், சாயங்காலம் துணி மூட்டை காத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிறந்தநாள். இந்த மாதிரி வார இறுதிகளில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான்: மற்ற எல்லாவற்றுக்கும் மணி குறித்துவிட்டு, பிறந்தநாளை மட்டும் ‘நடுவில் எங்காவது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது.

போட்டி நமக்காக நிற்காது. முகூர்த்தமும் நிற்காது. அப்பா நிற்பார். அதனால் எந்த வேலை இழுத்தாலும் அவருடைய நேரத்திலிருந்துதான் கழியும். நாலு மணிக்கு வருகிறோம் என்றது ஆறாகி, ஆறு எட்டரையாகி, கடைசியில் எல்லாரும் களைத்துப்போய் வந்து, நின்றபடியே ஒரு வாழ்த்துச் சொல்லி, ‘காலையில் சீக்கிரம் எழணும்’ என்று கிளம்பிவிடுவார்கள். ‘பரவாயில்லப்பா, வந்தீங்களே’ என்பார் அவர். அதைக் கேட்டு நமக்கும் நிம்மதியாகிவிடும்.

இதற்கு முழு நாளை ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் அதை வியாழக்கிழமைக்குள் முடிவு செய்து, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். இன்னொன்று, பலரும் கண்ணை மூடிக்கொண்டு இரவு நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். வயது ஏற ஏற உடம்பின் உள் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடும். தூக்கம் சீக்கிரம் வரும், விழிப்பும் சீக்கிரம் வரும். இரவு ஒன்பது மணி நமக்குக் கொண்டாட்ட நேரம், அவர்களுக்குக் கொட்டாவி நேரம். போட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலை ஏழரை மணிக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால், அன்றைய நாளின் நல்ல பகுதி அவர்களுக்குக் கிடைத்துவிடும். பிள்ளைகளும் அப்போதுதான் அழாமல் இருப்பார்கள்.

தேதியைத் தள்ளி வைப்பது தவறா என்று சிலர் குழம்புகிறார்கள். தவறே இல்லை. பிறந்தநாள் சனிக்கிழமை, எல்லாரும் கூட முடிவது ஞாயிறு என்றால் ஞாயிறே கொண்டாடலாம். ஆனால் ‘அதான் நாளைக்கு நேரில் பார்க்கப்போறோமே’ என்று சனிக்கிழமை ஆளாளுக்கு போன் செய்யாமல் விட்டுவிடுவார்கள். உண்மையான பிறந்தநாள் அன்று வீட்டில் போன் அடிக்காமலே பொழுது சாய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தச் சனிக்கிழமையை அது ஈடுகட்டாது.

‘எனக்கு ஒண்ணும் வேணாம்’

‘பிறந்தநாளுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் வரும் பதில் இதுதான். அதை அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு தவறு, கண்டுகொள்ளாமல் நாமே ஒரு பெரிய விழா எடுத்துவிடுவது இன்னொரு தவறு. பெரும்பாலும் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது ‘உனக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, என்னால் இன்னொரு செலவும் அலைச்சலும் வேண்டாம்’ என்ற எண்ணம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘காலையில் வீட்டிலேயே சேர்ந்து சாப்பிடலாமா, இல்லை சாயங்காலம் வெளியே போகலாமா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் பதில் வரும். ‘யாரைப் பார்த்து ரொம்ப நாளாச்சும்மா?’ என்பது அதைவிட நல்ல கேள்வி. கிடைக்கும் பதில் பல சமயம் நம் பட்டியலிலேயே இல்லாத ஆளாக இருக்கும், கூட வேலை பார்த்த பழைய தோழி மாதிரி.

திடீரென்று இருபது பேரைக் கூட்டி ஆச்சரியப்படுத்துவது எல்லாருக்கும் ஒத்துவராது. தலை வாராமல், வீட்டு உடையில், கலைந்து கிடக்கும் கூடத்தில் மாட்டிக்கொண்ட சங்கடம்தான் சில அம்மாக்களுக்குக் கடைசி வரை ஞாபகம் இருக்கும். ஆச்சரியப்படுத்தியே தீர வேண்டும் என்றால், வருகிற ஆளை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டு நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறந்தநாள்காரரே வேலை பார்ப்பது

அம்மாவின் பிறந்தநாள் என்று எல்லாரும் அம்மா வீட்டுக்கு வருகிறோம். வந்தவர்களுக்கு யார் சமைப்பது? ‘நீ உட்காரும்மா, நாங்க பார்த்துக்கறோம்’ என்று மூன்று பேர் சொல்வார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் ‘அம்மா, பெரிய பாத்திரம் எங்க இருக்கு?’, ‘அம்மா, இந்த அடுப்பு எப்படிப் பத்தவைக்கணும்?’, ‘அம்மா, உப்பு போட்டாச்சா?’ என்று வரிசையாகக் குரல் வரும். ஆறாவது கேள்விக்கு அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அதற்கப்புறம் அவர் வெளியே வருவது, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

உட்காரச் சொல்வதால் இது தீராது. சமையலறைக்கு ஒருவர் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த ஒருவர் யார் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று முந்தின மாலையே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அந்த ஆள் எப்போதும் மருமகளாகவோ மகளாகவோதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மகனுக்கும் கை இருக்கிறது. சமைக்க ஆளில்லை என்றால் வெளியே சொல்லி வாங்கிவிடுங்கள், அதில் ஒரு குறையும் வந்துவிடாது.

அப்பாக்களின் கதை வேறு மாதிரி. ரயில் நிலையத்திலிருந்து ஆளைக் கூட்டி வருவது, தண்ணீர் கேனுக்குச் சொல்வது, கூடுதல் நாற்காலி தேடுவது என்று காலையிலிருந்து அவர் ஓடிக்கொண்டிருப்பார். ‘அவருக்கு அதெல்லாம் பிடிக்கும்’ என்று நாமும் சொல்லிக்கொள்வோம். சிலருக்கு உண்மையிலேயே பிடிக்கும். பிடித்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டு மீதியை நாம் வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டத்தின் நடுவில் தனியாக

இதைப் பலர் கவனிப்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், அன்றாடத்தைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது. வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் குறைவது உயர் சுருதி ஒலிகள். ‘அ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் நன்றாகவே கேட்கும். ச, த, க மாதிரியான மெல்லிய மெய்யொலிகள்தான் நழுவும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. தனியாக எதிரில் உட்கார்ந்து பேசினால் ஒரு சிரமமும் இருக்காது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசி, டிவியும் ஓடி, குழந்தைகளும் கத்தினால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்து, இரண்டு மூன்று தடவை ‘என்ன?’ என்று கேட்டுப் பார்த்து, அப்புறம் கேட்பதையே விட்டுவிடுவார்.

அவரைக் கூட்டத்தின் மையத்தில் உட்காரவைப்பது மரியாதை என்று நினைக்கிறோம். நாலு பக்கமும் பேச்சு இருக்கும் அந்த இடம்தான் அவருக்கு மிக மோசமான இடம். சுவருக்கு முதுகு காட்டி, மேசையின் ஓரத்தில், பேசுகிறவர்களின் முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி உட்காரவையுங்கள். உதட்டசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார். டிவியையும் பாட்டையும் நிறுத்துங்கள். கத்திப் பேசுவதால் பயன் குறைவு. குரலைப் பெரிதாக உயர்த்தாமல், முகம் பார்த்து நிதானமாகப் பேசினாலே போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்ளாமல், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனால் அவருக்கு அன்றைக்கு நிறையக் கிடைக்கும்.

மறதி நோய் உள்ளவர் என்றால் கூட்டத்தை இன்னும் சிறிதாக்குங்கள். ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்ற பரீட்சையை வைக்கவே கூடாது. நாமே பெயரைச் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தால் யாருக்கும் தர்மசங்கடம் இல்லை.

சாப்பாடும் மாத்திரையும்

‘இன்னும் அண்ணன் வரலை, வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்’ என்று ஒரு மணிச் சாப்பாடு மூன்று மணிக்கு நகர்வது சாதாரணம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு அது சாதாரணம் இல்லை. சாப்பாட்டுக்கு முன் போடும், விரைவாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாலோ, கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினாலோ, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்ப்பது, கை நடுங்குவது, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது எல்லாம் அதன் அறிகுறிகள். ‘அப்பா இன்னைக்கு ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறார்’ என்று கோபித்துக்கொள்வதற்கு முன்னால் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. குறைந்திருந்தால், நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிகிறவருக்கு உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று சிறு கரண்டி அளவு, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவ உதவிக்கு ஓட வேண்டும். இவ்வளவு தூரம் போக விடாமல் இருக்க எளிய வழி, அண்ணன் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு மட்டும் நேரத்துக்குச் சாப்பாடு போட்டுவிடுவது. அண்ணன் வந்ததும் கேக் வெட்டிக்கொள்ளலாம்.

வயதானால் தாக உணர்வும் மங்கும். நாலு மணி நேரம் பேசிக்கொண்டே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வெளியிடம் என்றால் கழிப்பறையை நினைத்து வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அதனால் மண்டபமோ உணவகமோ பார்க்கும்போது மெனுவுக்கு முன்னால் கழிப்பறை எங்கே, எத்தனை படி ஏற வேண்டும் என்று பாருங்கள்.

போட்டோவைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு முதியவர்கள் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நேரத்தில் எழுப்பி வெயிலில் வரிசையாக நிற்கவைத்தால் தலை சுற்றும்.

‘எல்லாரும் இருக்கும்போதே பேசிடலாம்’

வார இறுதிப் பிறந்தநாளைக் கெடுப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது இதுதான். அண்ணன் தம்பி அக்கா எல்லாரும் ஒன்றாகச் சேர்வதே அரிது என்பதால், வீட்டை விற்பதா, இனி யாரோடு இருப்பது, அறுவைச் சிகிச்சைக்கு யார் எவ்வளவு போடுவது என்று சாப்பிட்ட கையோடு யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பேச வேண்டிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பிறந்தநாள் அன்று, அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, அவரைப் பற்றியே படர்க்கையில் பேசினால், வந்தது தனக்காகவா இதற்காகவா என்ற சந்தேகம் அவருக்கு வரத்தான் செய்யும். அதற்கென்று தனியாக ஒரு நாள் குறியுங்கள், வீடியோ காலில்கூடப் பேசிக்கொள்ளலாம். பரிசுக்கு ஆளுக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கையும் அவர் காதுபடத் தீர்க்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கூப்பிடும் நேரத்தையும் முன்பே குறித்துவிட வேண்டும். அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். இந்த வார இறுதிகளில் ‘எப்பவும் கூப்பிடற நேரம்தானே’ என்று இருந்தால் ஒரு மணி நேரம் தவறிப்போகும். அழைப்பு வந்ததும் போனைக் கைக்குக் கை மாற்றி எல்லாரும் ஹலோ சொல்லி, கடைசியில் அம்மாவிடம் வரும்போது அங்கே அலுவலகத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். முதலில் அம்மாவிடம் கொடுங்கள்.

பரிசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது போன் வாங்கிக் கொடுத்தால், பழைய போனிலிருந்த எண்களையும் போட்டோக்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் மாற்றிக் கொடுத்து, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெட்டியோடு கொடுத்துவிட்டு வந்தால் அது அலமாரியில்தான் இருக்கும்.

கடைசியாக, ஞாயிறு சாயங்காலம். எல்லாருக்கும் மறுநாள் வேலை இருப்பதால் ஐந்து மணிக்கு ஒரே நேரத்தில் வீடு காலியாகும். கழுவாத பாத்திரங்கள், சோபாவுக்கு அடியில் பேரன் உருட்டிவிட்ட பொம்மைகள், நிரம்பி வழியும் குப்பைக்கூடை எல்லாம் அந்த இரண்டு பேருக்கு மிஞ்சும். யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் பின்தங்கிப் போவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் கழுவிக் குப்பையை வெளியே வைத்துவிட்டு, கூட்டத்தின் அமளியில் இரவு மாத்திரை மறந்துபோகாமல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கியிருந்தால் அதையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் திங்கட்கிழமை காலையில் அப்பாவே இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போவார்.