பழைய ஜி.எம்.சி. ராணுவ லாரியில் டிரம் பிரேக் ஜாம் ஆனால்

மே மாதம் கொட்டகையில் விட்ட லாரியை மழை ஓய்ந்து அக்டோபரில் எடுக்கும்போது ஒரு சக்கரம் அசைய மறுத்தால், கை உடனே சுத்தியலுக்குப் போகும். போகவிடாதீர்கள். எதனால் பிடித்தது என்று தெரியாமல் தட்டி விடுவித்த சக்கரம், ரங்கூனிலிருந்து பெகு போய்ச் சேருவதற்குள் மறுபடியும் பிடிக்கும். அப்போது டிரம் சூடேறிச் சிவந்து, கிரீஸ் உருகி, பேரிங்கும் சேர்ந்து போகும்.

இங்கே சொல்வது சி.சி.கே.டபிள்யூ என்ற ரெண்டரை டன் ஜி.எம்.சி.க்கு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அசாமின் லெடோவிலிருந்து பர்மாவின் மிச்சினா, பாமோ பக்கமாகச் சீனாவின் குன்மிங் வரை போட்ட சாலையில் ஓடிய அதே ரகம். பிரேக், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ரகம்தான். உதவிக்கு, எஞ்சினின் வாக்குவத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் ஹைட்ரோவாக் பூஸ்டர் உண்டு. நட்டு, போல்ட்டு எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால் முனை மழுங்கிவிடும்.

ஜாக்கி வைப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டில் பிடிக்கிறது. பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினாலோ, ஆக்சில் ஷாஃப்டை உருவினாலோ ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருண்டுவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தேக்குக் கட்டை கொடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை: வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் குழாய் மாட்டி இழுத்து ஸ்டட்டை முறித்தவர்கள் நிறைய.

சக்கரத்தைத் தூக்கிய பின், பேக் பிளேட்டின் (டிரம்மின் உள்பக்கத்தை மூடும் தகடு) பின்னால் இருக்கும் பிளீடரை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) முக்கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே சுற்றினால், ஷூவை (லைனிங் என்ற உராய்வுப் பட்டை பதித்து, டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் வளைந்த தகடு) அழுத்திக்கொண்டிருந்தது குழாயில் அடைபட்ட அழுத்தம். அப்படியானால் டிரம்மைக் கழற்றும் முன் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே ஊறிச் சதை வளர்ந்திருக்கும். மிதிக்கும்போது காலின் பலத்தில் ஆயில் போய்விடும்; திரும்பி வரத் தள்ளுவது ஷூ ஸ்பிரிங் மட்டும்தான், அதற்கு அந்தத் துவாரம் போதாது. கழற்றிய ஹோஸில் வாய் வைக்காமல் ஒரு குழாய் மாட்டி ஊதுங்கள். காற்று தாராளமாகப் போகாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். எல்லாச் சக்கரமும் சேர்ந்து பிடித்தால் குற்றம், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில். பெடலில் 12 மி.மீ. அளவு வெற்று அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் சிறு துவாரம் மூடியே கிடக்கும், ஆயில் தொட்டிக்குத் திரும்பாது. மூடியைத் திறந்து, ஒருவர் பெடலை மெதுவாகத் தொட, ஆயிலின் மேல் ஒரு சிறு குமிழ் எழும்ப வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது சுதந்திரமாகச் சுற்றி, ஸ்டார்ட் செய்ததும் பிடித்தால் அது ஹைட்ரோவாக்.

பிளீடர் திறந்தும் அசையவில்லையா? அப்படியானால் துருதான். ஷூவை நெருக்கும் கேம் அட்ஜஸ்டர்களை முழுக்கத் தளர்த்துங்கள். துரு இளக்கும் எண்ணெயைப் பேக் பிளேட்டின் பின்பக்கத்தில், ஷூவின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் ஆங்கர் பின்னின் நட்டிலும் கேம் தண்டிலும் மட்டும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். லைனிங்கில் பட்டால் லைனிங் வீண். மறுநாள் டிரம்மின் முகத்தில், ஸ்டட்டுகளுக்கு நடுவில், கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் அடிக்கக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும். கியர் போட்டு முன்னும் பின்னும் உலுக்குவதையும் நான் சொல்லமாட்டேன். லைனிங் ரிவிட்டோடு பிய்ந்து டிரம்மில் ஆப்பு மாதிரி இறங்கிவிட்டால், பிறகு எதற்கும் அசையாது.

டிரம் வெளியே வந்ததும் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியை ஈரத்தோடே பையில் கட்டிப் போடுங்கள்.

அடுத்தது, ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டர். இறுகிப்போன பிஸ்டனைக் கம்ப்ரஸர் காற்றால் தள்ளினால் குண்டு போலப் பறக்கும். குழாய்த் துவாரத்துக்குப் பொருந்தும் நிப்பிளை மாட்டி, பிளீடரை மூடி, கிரீஸ் கன்னால் அழுத்துங்கள். மெல்ல மெல்ல நகர்ந்து வெளியே வரும். ஒரு பிஸ்டன் முந்திக்கொண்டால் அதைக் கிளாம்பால் பிடித்துவைத்து மற்றதைத் தள்ளுங்கள். பிறகு ஒரு துளி கிரீஸும் மிஞ்சாமல் ஸ்பிரிட்டால் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடாது, ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் ஊதிவிடும். உள்சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துருக்குழிகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஒரே கோடாக இருக்கும்: டாட் 3 ரக பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம்தான் துருவைக் கிளப்பும். கப் உரசும் இடத்தில் குழி இருந்தால், தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பித்தளை ஸ்லீவ் போடுங்கள், அல்லது சிலிண்டரை மாற்றுங்கள். மேலோட்டமான கறையை நுண்ணிய ஹோன் கல்லால், பிரேக் ஆயில் தொட்டு, நாலைந்து சுற்று எடுத்தால் போதும். கப் வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய கப்பை நம்பாதீர்கள், அது ஊறியிருக்கும். சிலிண்டரையே கையில் கொண்டுபோய் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள்.

ஆங்கர் பின்னைக் கழற்றும் முன் அதன் முனையில் இருக்கும் குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆங்கர் பின் மையம் விலகி அமைந்தது, குறி மாறினால் ஷூ கோணலாக உட்காரும். துருவைத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசுங்கள். லைனிங்கை நடுவிலிருந்து இரு முனைக்குமாக ரிவிட் அடிக்க வேண்டும். முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் தூக்கி நிற்கும். ரிவிட் தலை பரப்புக்குக் கீழே குறைந்தது 0.8 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். ஒரு ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றினால், மழைச் சேற்றில் மிதித்த கணம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஹப் ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கியர் ஆயில் குடித்த லைனிங்கை அடுப்பில் சுட்டுப் பிழைக்கவைப்பது ஏமாற்று வேலை.

மாட்டிய பின், டிரம்மின் சோதனைத் துவாரம் வழியாக ஃபீலர் கேஜ் விட்டு, ஆங்கர் பக்கம் 0.005 அங்குலமும் சிலிண்டர் பக்கம் 0.010 அங்குலமும் இடைவெளி வையுங்கள்.

பிளீட் செய்ய, அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற, எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். முதலில் ஹைட்ரோவாக், பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்டத்துச் சக்கரம். 2 லிட்டர் புது ஆயில் கையில் இருக்கட்டும். திறந்து பல மாதம் ஆன டின் வேண்டாம். ஓட்டிப் பார்த்து நிறுத்தியதும், ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தின் பிளீடரிலிருந்து சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.