டைவர்ஸ் பத்தி இன்னும் முடிவு பண்ணலயா? பரவால்ல, டிவி (குடும்ப வன்முறை) கேஸ் போடுறது எப்படின்னு பாக்கலாம்

வீட்ல அடி, கெட்ட வார்த்தை, செலவுக்கு காசு கொடுக்காம சாவடிக்கிறது, இதையெல்லாம் யார்கிட்டயாவது போய் சொன்னா உடனே வர்ற கேள்வி "அப்போ டைவர்ஸ் பண்ணப் போறியாம்மா?" அதுக்கு பதில் தெரியாமலேயே நிறைய பேர் வருஷக்கணக்குல உக்காந்துடறாங்க. இன்னைக்கே பதில் சொல்லணும்னு ஒண்ணும் கிடையாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, கோர்ட் வட்டாரத்துல சுருக்கமா டிவி (டொமஸ்டிக் வயலன்ஸ்) ஆக்ட், 2006 அக்டோபர் 26-ல இருந்து அமல்ல இருக்கு. தங்க இடம், மாசச் செலவு, பிள்ளைங்க, பாதுகாப்பு எல்லாமே இதுல கேக்கலாம், கல்யாணத்தை முறிக்காமலேயே. தமிழ்நாட்டுல இதை எப்படி செய்றதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல, இது உங்களுக்குப் பொருந்துமா

அடிச்சாதான் வன்முறைன்னு சட்டம் சொல்லல. பிள்ளை இல்லன்னு குத்திக் காட்டுறது, சம்மதம் இல்லாம உடலுறவுக்கு கட்டாயப்படுத்துறது, உங்க சம்பள ஏடிஎம் கார்டை புடுங்கி வச்சுக்கிறது, உங்க நகையை கேக்காம அடகு வைக்கிறது எல்லாமே இதுல வரும். மனைவி மட்டும் இல்ல, அம்மா, மகள், அக்கா தங்கச்சி, ஒரே வீட்ல இருந்த விதவை மருமகள் கூட போடலாம், டைவர்ஸ் ஆனவங்களும் சேர்ந்து வாழ்ந்த காலத்துல நடந்த கொடுமைக்குப் போடலாம். எதிர்ல மாமியார், நாத்தனாரையும் சேக்கலாம், 2016-ல சுப்ரீம் கோர்ட் "வயது வந்த ஆண்"ங்கிற வார்த்தையவே சட்டத்துல இருந்து எடுத்துடுச்சு. ஆனா கோவத்துல ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க பேரையெல்லாம் எழுதாதீங்க, கேஸ் பலவீனமாகும், அவங்க ஹைகோர்ட்டுக்குப் போய் இழுத்தடிக்கவும் வழியாகும்.

லிவிங் டுகெதர்ல இருக்குறவங்க கொஞ்சம் கவனமா படிங்க. தாலி கட்டலன்னாலும் இந்தச் சட்டம் உண்டு, ஆனா "திருமண உறவைப் போன்ற உறவு"ன்னு காட்டணும். கோயம்புத்தூர் ஃபேமிலி கோர்ட்ல ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு வழக்குல 2010-ல சொன்னது இதுதான்: ரெண்டு பேரும் கல்யாண வயசுல இருக்கணும், கல்யாணம் பண்ணிக்க தடை இல்லாதவங்களா இருக்கணும், கணிசமான காலம் ஒண்ணா வாழ்ந்திருக்கணும், ஊர் உலகம் கணவன் மனைவியா பாத்திருக்கணும். அதனால ரெண்டு பேர் பேரும் இருக்குற வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுண்ட், பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ் இதெல்லாம் தங்கம் மாதிரி. அவருக்கு ஏற்கனவே மனைவி இருக்காங்கன்னா இந்த வழி ரொம்ப கஷ்டம், மறைச்சுப் பேச விரும்பல.

அடுத்து, ஆதாரம் சேக்குறது

சத்தம் போடாம பண்ணுங்க. அவர் உங்க ஃபோனை நோண்டுவார்னா ஃபோட்டோ, வாய்ஸ் மெசேஜ், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பிட்டு உங்க பக்கம் அழிச்சிடுங்க, ஆனா அவரோட நடந்த ஒரிஜினல் சாட்டை அழிக்காதீங்க, கோர்ட்ல ஃபோனையே கேக்கலாம், அதோட பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சர்டிஃபிகேட்டும் வேணும், அதை வக்கீல் பாத்துப்பாங்க. ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, நகை பில், பிள்ளைங்க சர்டிஃபிகேட் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து அம்மா வீட்லயோ ஃப்ரெண்ட் வீட்லயோ வச்சிடுங்க.

அடிபட்டிருந்தா ஜி.எச். போங்க. "படியில வழுக்கி விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லாதீங்க, யார் அடிச்சாங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னா ஏ.ஆர். ரெஜிஸ்டர்ல (ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவேடு) ஏறும், பின்னாடி அது பேசும். புகார் கொடுக்கலன்னு சொல்லி ஆஸ்பத்திரி உங்களுக்கு வைத்தியம் பாக்க மறுக்கக் கூடாது.

ஆதாரமே இல்லன்னாலும் மனு போடலாம். என்னைக்கு, எங்க, என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்குற வரைக்கும் ஒரு நோட்ல எழுதுங்க, அதுவே வக்கீலுக்கு பாதி வேலைய முடிச்சுக் கொடுக்கும்.

எங்க போறது

உயிருக்கு ஆபத்துன்னா 112, இல்ல மகளிர் ஹெல்ப்லைன் 181. மத்த நேரத்துல எல்லாரும் நேரா போறது மகளிர் ஸ்டேஷனுக்கு. போங்க, தப்பில்ல, புகார் கொடுத்ததுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிஞ்சதுக்கான ரசீது) கேட்டு வாங்குங்க. ஆனா அங்க பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கூப்பிட்டு உக்கார வச்சு "இனிமே பண்ண மாட்டேன்"னு எழுதி வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. அதோட கதை முடிஞ்சதுன்னு நெனச்சுக்காதீங்க. அந்த பேப்பர்ல உங்களையும் கையெழுத்து போடச் சொன்னா படிச்சுட்டு போடுங்க, "எந்தப் புகாரும் இல்லை, பிரிந்து வாழ சம்மதம்"ங்கிற மாதிரி வரி இருந்தா போடவே போடாதீங்க. பாரதிய நியாய சன்ஹிதா 85-வது பிரிவு (பழைய 498ஏ, கணவரோ அவர் சொந்தக்காரங்களோ கொடுமைப்படுத்துறதுக்கானது) கிரிமினல் கேஸ் வேணும்னா அது தனி, அது அவருக்கு தண்டனை வாங்கித் தரலாம், உங்களுக்கு வாடகைப் பணம் வாங்கித் தராது.

டிவி கேஸுக்கு உண்மையான ஆள் பாதுகாப்பு அலுவலர். சமூக நலத்துறையில ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இருப்பாங்க, கலெக்டர் ஆபீஸ்ல போய் மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கன்னு கேட்டா சொல்லிடுவாங்க. நீங்க சொல்றதை குடும்ப நிகழ்வு அறிக்கைன்னு ஒரு படிவத்துல எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புறது அவங்க வேலை. இந்த அறிக்கை இல்லாமலும் நீங்களே நேரா கோர்ட்ல போடலாம். வக்கீலுக்கு காசு இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் தரணும்னு சட்டமே இருக்கு. ஹெல்ப்லைன் 15100.

அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்களா? அந்த ஊர் கோர்ட்லயே போடலாம், தற்காலிகமா தங்கியிருந்தாலும் போதும். அவர் ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டாம்.

மனுவுல என்ன கேக்குறது

இங்கதான் பலர் கோட்டை விடறாங்க. "என்னைக் கொடுமைப்படுத்துறார்"னு பத்து பக்கம் எழுதிட்டு கடைசியில என்ன வேணும்னு ஒரு வரி. டிவி ஆக்ட்ல பிரிவு வாரியா கேளுங்க. 18-ல பாதுகாப்பு ஆணை: அடிக்கக் கூடாது, ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கக் கூடாது, ஃபோன் பண்ணக் கூடாது, உங்க நகையை விக்கக் கூடாது. 19-ல வசிப்பிடம்: வீட்டை விட்டு உங்களை வெளியேத்தக் கூடாது, இல்லன்னா அதே தரத்துல வேற வீடு இல்ல அதுக்கு வாடகை. வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு என்ன உரிமைன்னு கேப்பாங்க. நீங்க அங்க குடும்பமா வாழ்ந்திருந்தா வசிக்கிற உரிமை கேக்கலாம்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. சொத்துல பங்கு இல்ல, தங்குற உரிமை, அந்த வித்தியாசம் முக்கியம். கணவரை வெளிய போகச் சொல்லி ஆணை கேக்கலாம், மாமியாரை அப்படி வெளிய போகச் சொல்ல இந்தச் சட்டத்துல இடமில்ல.

20-ல பணம்: மாசச் செலவு, வைத்தியச் செலவு, வன்முறையால நீங்க இழந்த சம்பளம். ரெண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் பத்தி அஃபிடவிட் போடணும், அவரோட சம்பள ஸ்லிப் கெடைக்கலன்னா எங்க வேலை, என்ன வண்டி, என்ன ஈ.எம்.ஐ. கட்டுறார்னு எழுதுங்க. உங்க சம்பளத்தை மறைக்காதீங்க, மாட்டுவீங்க. 21-ல பிள்ளைங்க தற்காலிகமா யார்கிட்ட, 22-ல மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு.

இதையெல்லாம் விட முக்கியம் 23. கேஸ் முடியுற வரைக்கும் இடைக்கால ஆணை, அவசரம்னா அவர் வராமலே கூட மாஜிஸ்ட்ரேட் போடலாம். மனுவோட சேத்தே இதையும் போடச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க.

கோர்ட்ல

சட்டப்படி முதல் விசாரணை சாதாரணமா 3 நாளுக்குள்ள, முதல் விசாரணையில இருந்து 60 நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும். நிஜத்துல வாய்தா வாய்தாவா போகும், அதனாலதான் 23-ஐ இவ்வளவு சொல்றேன். நடுவுல கவுன்சிலிங் அனுப்பலாம், போங்க, ஆனா சேர்ந்து வாழ்ந்தே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எல்லார் முன்னாடியும் பேச சங்கடமா இருந்தா மூடிய அறையில விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம். நடுவுல டைவர்ஸ்தான்னு மனசு வந்தா ஃபேமிலி கோர்ட்ல அதைத் தனியா போட்டுக்கலாம், இந்தக் கேஸ் பாட்டுக்கு ஓடும், ஆனா அங்க ஜீவனாம்சம் கேக்கும்போது இங்க எவ்வளவு ஆணை ஆயிருக்குன்னு சொல்லிடணும்.

ஆணை கைக்கு வந்த பிறகு

ஆணையோட நகல் இலவசமா தரணும், வாங்கி ஒண்ணு உங்க ஏரியா ஸ்டேஷன்ல கொடுத்து வைங்க, ஒண்ணு ஃபோன்ல ஃபோட்டோவா இருக்கட்டும். பாதுகாப்பு ஆணையை அவர் மீறினா அது தனிக் குற்றம், 31-வது பிரிவுல 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும், ஜாமீன்ல விட முடியாத குற்றமும் கூட. பணம் கட்டலன்னா அவர் வேலை பாக்குற இடத்துக்கே உத்தரவு அனுப்பி சம்பளத்துல இருந்து நேரா உங்களுக்கோ கோர்ட்டுக்கோ கட்ட வைக்கலாம், அதுக்கும் மனு போடணும், தானா நடக்காது. ஆணையில திருப்தி இல்லன்னா 30 நாளுக்குள்ள செஷன்ஸ் கோர்ட்ல அப்பீல். அவரும் போவார், அவர் அப்பீல் போட்டுட்டார்ங்கிறதால மட்டும் ஆணை நின்னுடாது, ஸ்டே (ஆணையை நிறுத்தி வைக்கிற உத்தரவு) வாங்கினாதான் நிக்கும். அதனால "அப்பீல் போட்டிருக்கேன், பணம் தர மாட்டேன்"னு சொன்னா ஸ்டே ஆர்டரைக் காட்டச் சொல்லுங்க.