ஏசி வாங்கும் முன் கூரையைக் கவனியுங்கள்: வெயில் தாங்கும் வீடு கட்ட ஒரு வழிகாட்டி

வீடு கட்டப் போகிறவர்கள் டைல்ஸுக்கும் கதவுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மாடித் தளத்துக்கு மட்டும், "வழக்கம்போல அஞ்சு இஞ்ச் போட்டுடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். வீடு கொதிப்பதற்கு முதல் காரணமே அந்தத் தளம்தான். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அந்தக் காலத்தில் எந்தச் சுவரையும்விட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது, பகலெல்லாம் வாங்கியதை ராத்திரி நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்குகிறது. அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் கூரைக்கு ஒதுக்குங்கள், சுவரும் ஜன்னலும் அப்புறம். வெயில் நாடுகளில் நல்ல கட்டடம் கட்டிய ஆர்க்கிடெக்ட்கள் பலரும் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் நம் கொத்தனார்களை வைத்தே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் ஃபிரான்சிஸ் கேரே. ஆப்பிரிக்காவில் பர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர். பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருக்கும்போதே பணம் திரட்டி, சொந்த ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார், 2001-ல் முடிந்தது. அந்தப் பகுதியில் தகரக் கூரைதான் வழக்கம், வெயில் நேரத்தில் கீழே உட்கார முடியாது. கேரே தகரத்தை ஒதுக்கவில்லை, அதைத் தூக்கி உயரத்தில் வைத்தார். ஊர்க் களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய கற்களில் சுவர், அதே கல்லை இடைவெளி விட்டு அடுக்கி உள்கூரை, அதற்கு மேலே சாதாரண முறுக்குக் கம்பிகளை வெல்டிங் செய்த சட்டங்களில் தகரம். வெயில் தகரத்தோடு நிற்கிறது. வகுப்பறையின் சூடான காற்று உள்கூரை இடுக்குகள் வழியாக மேலேறி, தகரத்துக்குக் கீழே ஓடும் காற்றோடு போய்விடுகிறது. கட்டியது ஊர் மக்கள்தான். 2004-ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது, 2022-ல் அந்தத் துறையின் மிகப் பெரிய மரியாதையான பிரிட்ஸ்கர் பரிசு, அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர்.

ஏற்கெனவே வீடு கட்டி முடித்து வெயிலில் வேகிறவர்களுக்கு இதுதான் நேரடி மருந்து. மாடியில் துணி காயப்போட, விசேஷம் வைக்க என்று ஷீட் போடுகிறோம் இல்லையா, அதையே கொஞ்சம் யோசித்துப் போட்டால் போதும். பக்கங்களை அடைக்காதீர்கள், அடைத்த நிமிடமே அது அடுப்பாகிவிடும். கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஷீட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. கடற்கரை மாவட்டம் என்றால் தூண்களைத் தளத்தின் மேல் வெறுமனே உட்காரவைக்கக் கூடாது, கீழே பீமோடு போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும், புயலில் பறக்கும் ஷீட் பக்கத்து வீட்டுக்காரரின் உயிருக்கே ஆபத்து. ஷீட்டுக்குப் பணம் இல்லையா, மாசி மாதமே மாடியைக் கழுவி நல்ல சுண்ணாம்பை இரண்டு கை அடித்துவிடுங்கள். வெள்ளைத் தரை வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம்.

இனிமேல்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் லாரி பேக்கரிடம் போகலாம். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, காந்தியைச் சந்தித்து, இங்கேயே தங்கிவிட்டவர். பிற்காலமெல்லாம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் அங்கேயே இறந்தார். தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல்லில் சுருண்டு மேலேறுகிறதே இந்தியன் காபி ஹவுஸ், அது அவர் கட்டியது. அவர் பரப்பிய முறைகளில் இரண்டைச் சொல்கிறேன், இரண்டுமே நம் ஊருக்கு அப்படியே ஒத்துவரும்.

ஒன்று ஃபில்லர் ஸ்லாப், அதாவது ஓடு பதித்த தளம். தளத்தின் மேல் பாரம் ஏறும்போது மேல் பாதி அமுங்குகிறது, கீழ்ப் பாதி இழுபடுகிறது. அமுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும், இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது. அப்படியென்றால் கீழ்ப் பாதியில் கம்பிகளுக்கு நடுவே கிடக்கும் கான்கிரீட் பெரிதாக ஒரு வேலையும் செய்வதில்லை, வெறும் எடைதான். அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை வைத்துவிட்டால் சிமென்ட் மிச்சம், தளத்தின் எடை குறையும், இரண்டு ஓடுகளை ஜோடியாக ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்று அடைபட்டு வெயில் இறங்குவதும் குறையும்.

செய்யும் விதம் இப்படி. கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகத் தட்டான சென்ட்ரிங்கை அடித்து மட்டம் பார்த்ததும் ஷீட்டின் மேல் சாக்பீஸால் கட்டம் போடச் சொல்லுங்கள். கம்பி கோடுகளில் ஓடட்டும், ஓடு கட்டத்துக்குள் உட்காரட்டும். ஓட்டை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், காய்ந்த ஓடு கான்கிரீட்டில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், அங்கே கான்கிரீட் வலுவாக இறுகாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே கம்பியும் கான்கிரீட்டும் தாராளமாக இறங்க மூன்று நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சுவர், பீம் ஓரங்களில் நான் மேலே சொன்ன கணக்கு மாறிவிடும், அங்கே ஓடு கூடாது, முழு கான்கிரீட்தான். பாத்ரூம் தளத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் வேண்டாம். ஃபேன் கொக்கி, பைப் எல்லாம் கான்கிரீட் கொட்டும் முன்பே வைத்தாக வேண்டும், பிறகு ஓட்டில் டிரில் போட முடியாது. வைப்ரேட்டர் பிடிக்கிற ஆள் ஓட்டின் மேல் மிதிக்காமல் பலகை போட்டு நிற்கட்டும். சென்ட்ரிங் பிரித்தால் அண்ணாந்து பார்க்கும்போது சிவப்பு ஓடுகள் வரிசையாகத் தெரியும், அதற்கு மேல் பூச்சு வேண்டியதில்லை, ஒரு தடவை துடைத்துவிட்டாலே அழகுதான். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கம்பியின் கனம், இடைவெளி, தளத்தின் உயரம் மூன்றையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டு வரைந்து தர வேண்டும். மேஸ்திரியின் அனுபவத்தை வைத்துப் போடுகிற தளம் அல்ல இது.

இன்னொன்று ராட் டிராப் சுவர், தமிழில் எலிப்பொறிக் கட்டு என்பார்கள். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம், இதில் குத்துக்கல்லாக நிறுத்திவைத்துக் கட்ட வேண்டும். உள்பக்கம் ஒரு கல், வெளிப்பக்கம் ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் காலி, அடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு கல். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், கலவையும் குறையும், நடுவில் இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். குறிப்பாக மேற்குச் சுவருக்கு இதைச் செய்யுங்கள், சாயங்கால வெயில் அங்கேதான் நேராக அடிக்கிறது. பில்லர், பீம் போட்டுக் கட்டும் வீட்டிலும் இடைச்சுவராக இதைத் தாராளமாகக் கட்டலாம்.

கல் ஒரே அளவாக இருப்பது அவசியம். கோணல்மாணலான நாட்டுச் செங்கல்லில் இந்தக் கட்டு சரியாக வராது, ஒரே அளவாக வரும் சேம்பர் செங்கல் வாங்குங்கள், லோடு இறங்கும்போதே பத்துக் கல்லை வரிசையாக நிறுத்தி அளந்து பாருங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில் கரண்டி நிறைய கலவையை அள்ளிக் கொட்டினால் பாதி நடுக்குழிக்குள் விழுந்து குழியே அடைந்துவிடும், அதனால் மூன்று அங்குல அகலத்தில் ஒரு ரீப்பர் கட்டையைக் குழியின் மேல் வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்திலும் மட்டும் கலவை போடச் சொல்லுங்கள், கட்டையை எடுத்துவிட்டு அடுத்த கல். தரை மட்டத்து முதல் வரிசை, ஜன்னலுக்குக் கீழே, லிண்டலுக்கு (கதவு ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை) கீழே, சுவரின் கடைசி வரிசை, இவையெல்லாம் குழி இல்லாமல் முழுசாகக் கட்ட வேண்டும், கதவு ஜன்னல் ஓரங்களும் அப்படியே. எலக்ட்ரீஷியனைச் சுவர் எழும்போதே வரச் சொல்லுங்கள். பைப்பைக் குழிக்குள்ளேயே இறக்கிவிடலாம், கட்டி முடித்த பிறகு கட்டிங் மெஷின் வைத்துக் காடி வெட்டினால் இந்தச் சுவர் தாங்காது. கனமான அலமாரியோ கீசரோ மாட்டப் போகிற இடத்தையும் முன்கூட்டியே குறித்து முழுசாகக் கட்டிவிடுங்கள்.

வெளிப்பக்கம் பூசாமல், கல் இடுக்குகளை மட்டும் கலவையால் அடைக்கிற பாயின்டிங் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், நான் அதைத்தான் சொல்வேன், பூச்சும் பெயின்டும் மிச்சம். ஆனால் சாரல் நேராக அடிக்கிற பக்கம் சன்ஷேடு நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

காற்றோட்டத்துக்கு வருவோம். நம் பக்கம் காலை வெயிலும் சாயங்கால வெயிலும்தான் தாழ்வாக வந்து உள்ளே நுழையும், மேலே சன்ஷேடு போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. மனை இடம் கொடுத்தால் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி வைத்துப் பெரிய ஜன்னல்களை அங்கே வையுங்கள். மேற்கில் ஜன்னலுக்குப் பதிலாக பேக்கர் செய்ததுபோல் செங்கல்லில் இடைவெளி விட்டு ஜாலி வைக்கலாம், உள்பக்கம் கொசுவலை அடித்துவிட்டால் போதும், வெளிச்சம் கூசாமல் வரும், காற்றும் வரும். பக்கத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன மனை என்றால் கொழும்பில் இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா தன் வீட்டுக்குச் செய்ததைப் பாருங்கள். 33-வது சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கி, நடுவே ஆங்காங்கே வானம் தெரிகிற குட்டி முற்றங்களை விட்டார். நம் பாட்டன் வீட்டு முற்றத்தின் வேலையைத்தான் அவை செய்கின்றன. ஆறடிக்கு நாலடி கிடைத்தால்கூட விடுங்கள், மேலே கம்பி கேட் போட்டால் திருட்டுப் பயமும் இல்லை.

யாரிடமிருந்து எதை எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எகிப்தில் ஹசன் ஃபாத்தி லக்சருக்குப் பக்கத்தில் நியூ குர்னா கிராமத்தைத் தடித்த மண்சுவர்களும் மண் வளைகூரைகளுமாகக் கட்டினார். அது பாலைவனம், ராத்திரி குளிரும், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரியில் விட்டுவிடும். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996-ல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடமும் ராத்திரிக் குளிர்காற்றைக் கான்கிரீட்டுக்குள் ஓடவிட்டுப் பகலைச் சமாளிக்கிறது, அந்த ஊர் உயரமான மேட்டு நிலத்தில் இருப்பதால் அது முடிகிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ மே மாத ராத்திரியும் புழுக்கம்தான். அங்கே தடித்த சுவரைவிட நிழலும் உடம்பில் படும் காற்றும்தான் உதவும், ஜன்னலைத் திறந்தே வையுங்கள். ஓசூர், கோவை பக்கம் ராத்திரி குளிர்கிற ஊர்களில் மட்டும் ராத்திரி முழுக்கத் திறந்துவைத்து, காலை பத்து மணிக்கு மூடி, வெயில் தாழ்ந்ததும் திறக்கும் பழக்கம் நன்றாக வேலை செய்யும்.

மண்ணில் கட்ட ஆசை இருந்தால், அஸ்திவாரத்தையும் கூரை நீட்டத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். பங்களாதேஷின் ருத்ராபூரில் அன்னா ஹெரிங்கர் கட்டிய பள்ளியில் சுவர் வைக்கோல் கலந்த மண், மாடி மூங்கில், ஆனால் அடியில் செங்கல் அஸ்திவாரம் இருக்கிறது, ஈரம் மேலேறாமல் தடுப்பும் இருக்கிறது. பக்கத்திலேயே கற்றுக்கொள்ள ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து கையால் இயக்கும் மெஷினில் அழுத்திய கல், சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மேல்மண் ஆகாது, கீழே தோண்டி எடுத்த மண்தான் வேண்டும். அழுத்திய கல்லை நான்கு வாரம் ஈரத்தில் வைக்கப் பொறுமை வேண்டும்.

கடைசியாக கான்ட்ராக்டர். சதுர அடி ரேட்டுக்கு வேலை எடுப்பவர் இதையெல்லாம் கேட்டதும் "சரிப்படாது சார்" என்பார், ஆள் பழகவில்லை என்பதுதான் உண்மையான காரணம். அக்ரிமென்ட் போடும்போதே ஓடு பதித்த தளம், எலிப்பொறிக் கட்டு என்று எழுதி, செங்கல் மிச்சமாவதையும் கூலி கொஞ்சம் கூடுவதையும் சேர்த்து ரேட் பேசுங்கள். வேலை தொடங்கும் முன் மனையின் ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லுங்கள், கொத்தனாருக்கு அன்றைய சம்பளம் நீங்களே கொடுத்துவிடுங்கள். மறுநாள் மேலே இருக்கும் கல்லை எடுத்துக் குழிக்குள் கலவை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்கலாம்.