நறுமண நத்தார் அலங்காரங்கள்: மலைநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நத்தார் மரத்துக்கான அலங்காரங்களை மாவினாலோ கறுவாத்தூளினாலோ வீட்டில் செய்து, அவற்றுக்குக் கறுவா, கராம்பு, தோடம்பழத் தோல் ஆகியவற்றின் தைலங்களால் மணமூட்டுவதற்கு இன்று நமக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை, டிசம்பரில் வீடுகளைச் சூடேற்றி வைக்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. அந்த வீடுகளுக்குள் காற்று உலர்ந்திருப்பதால், ஈரமாவில் வெட்டிய நட்சத்திரம் மேசை மேலேயே சில நாட்களில் காய்ந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையை நேரே ஏற்கும் பதுளை, பண்டாரவளைச் சரிவுகளிலோ அந்த மாதத்தில் எதுவும் அப்படிக் காய்வதில்லை. துவைத்த துணியே நாட்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் வீட்டில், அதே அளவையும் அதே முறையையும் பின்பற்றினால் அலங்காரம் நமுத்துப்போகும், பூஞ்சணம் பிடிக்கும், மணமும் பண்டிகைக்கு முன்பே போய்விடும். இவற்றில் ஏறக்குறைய எல்லாமே செய்யும் முறையைச் சற்று மாற்றினால் தவிர்க்கக்கூடியவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தைலத்தை மாவில் கலந்து பிசைந்துவிட்டு அதன் பிறகு சுடுவதாகும். மாவுக்குள் போனால் மணம் உள்ளேயே தங்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நடப்பது நேர்மாறானது. கறுவா இலையிலிருந்தும் கராம்பிலிருந்தும் தைலம் இறக்கும்போது, நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியோடு தைலத்தையும் வெளியே கொண்டுவந்து குளிரவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். ஈரமாவில் தைலத்தைக் கலந்து 110 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கும்போது நம்முடைய ஓவனுக்குள் நடப்பதும் அதே வேலைதான். மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும்போது தைலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. சுடும் நேரத்தில் வீடு முழுவதும் மணக்கிறதே என்று மகிழ்கிறவர்கள், அந்த மணம் அலங்காரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை அறிந்தவர்கள்கூட அடுத்த படியில் தவறுகிறார்கள். சுட்டு ஆறிய அலங்காரத்துக்கு வர்ணம் பூசி, ஈரம் ஏறாதிருக்க வார்னிஷும் பூசிவிட்டு, அதன் மேல் தைலத்தைச் சொட்டுகிறார்கள். வார்னிஷ் பூசிய பரப்பு எதையும் உறிஞ்சாது. தைலம் மேலே பளபளப்பாகப் படர்ந்து, சில நாட்களில் வார்னிஷையே இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். அதற்கு அஞ்சி வார்னிஷை விட்டுவிட்டால் மூடுபனி உள்ளே புகுந்துவிடும். மலைநாட்டின் காலநிலையில் ஈரத்தைத் தடுக்கும் உடலும் மணத்தைத் தாங்கும் இடமும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகையால் அலங்காரத்தின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, நூல் கோக்கும் துளை என எல்லாவற்றையும் வார்னிஷால் நன்றாக மூடிவிட்டு, மணத்துக்கென்று தனியாக ஒரு பொருளை அதனோடு சேர்த்துக் கட்டுவதே சரியான வழி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். தடித்த பருத்தி நூலில் செய்த ஒரு குஞ்சம், வர்ணம் பூசாத மரமணி, ஒரு விரல் நீளக் கறுவாப்பட்டை, சைப்பிரஸ் மரத்தின் சிறு காய் ஆகிய எதுவும் இதற்கு உதவும். அதில் மூன்று நான்கு துளி விட்டால் போதும். மணம் குறையும்போது அதை மட்டும் கழற்றி மீண்டும் நனைக்கலாம்.

உப்புச் சேர்த்துப் பிசையும் மாவின் அளவில் நேரும் தவறும் இந்த ஈரத்தோடு தொடர்புடையதுதான். இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு என்ற அளவு பரவலாகச் சொல்லப்படுகிறது. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச்சாடி நீர்விடுவதற்கும் அதுவே காரணம். உப்பு மிகுந்த அலங்காரம் மரத்தில் தொங்கும்போதே வியர்த்து, வளைந்து, நூல் துளையில் அறுந்து விழுகிறது. எனவே நான்கு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு, ஒன்றரைக் கோப்பை நீர் என்ற அளவே இங்கு பொருத்தமானது. தடிப்பு ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளியே கல்லாகவும் உள்ளே பச்சை மாவாகவும் இருக்கும். சூட்டைக் கூட்டி விரைவாக முடிக்க முயன்றால் மா உப்பி வெடிக்கும். பாதி நேரத்தில் திருப்பிப் போட்டு, அடிப்பக்கமும் வெளிறி இறுகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஓவன் இல்லாத வீடுகளில் விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்துக் காயவைப்பதுண்டு. மா நன்றாகக் காயும் என்றாலும் புகை மணம் ஏறிவிடும், அதன் பிறகு எந்தத் தைலமும் அதை மறைக்காது. அவ்வாறானவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஒரு கோப்பை சோள மா, இரண்டு கோப்பை அப்பச்சோடா, ஒன்றேகால் கோப்பை நீர் ஆகியவற்றைச் சிறுதீயில் கிளறி உருட்டும் வெள்ளை மாவைப் பயன்படுத்துங்கள் என்பதே. அதில் உப்பு இல்லை. மெல்லியதாக வெட்டினால் மழையில்லாத ஒன்றிரண்டு நாட்களில் காற்றிலேயே காய்ந்துவிடும்.

கறுவாத்தூளும் பழக்கூழும் சேர்த்துச் செய்யும் மண்ணிற அலங்காரங்கள் அழகானவை. அப்பிள் கூழுக்குப் பதிலாக, மலையகத்தில் காய்க்கும் பியர்ஸை அவித்து, மசித்து, நீர் வற்றக் கிளறியும் சேர்க்கலாம். கூழில் இருக்கும் சர்க்கரையும் நீரும் பூஞ்சணத்துக்கு உணவு என்பதை மறந்துவிடுவதே இங்கு நடக்கும் தவறு. கறுவா பூஞ்சணத்தைத் தாமதப்படுத்தும், முற்றாகத் தடுக்காது. இவற்றை 90 முதல் 100 பாகை செல்சியஸ் சூட்டில், இரண்டு பக்கமும் விறைக்கும்வரை காயவைத்தே ஆக வேண்டும்.

உடலில் பூசுவதற்குத் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலப்பது நல்ல பழக்கம். அதே பழக்கத்தை அலங்காரத்துக்கும் கொண்டுவருவது பிழை. தேங்காய் எண்ணெய் ஆவியாகாது, நூலிலும் மரத்திலும் கறையாகத் தங்கிவிடும். தவிர, 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும் என்பது போத்தலை வெயிலில் வைத்து இளக்கும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உறைந்த எண்ணெய்க்குள் சிக்கிய மணம் அரிதாகவே வெளிவரும். தண்ணீரில் கலந்து தெளிப்பதும் வீண். தைலம் நீரில் கரையாது, மேலே மிதக்கும். நீர் மட்டும் அலங்காரத்தை நனைக்கும்.

பைனஸ் காய்களை மணமூட்டுகிறவர்கள் அவற்றை ஈரமாகவே எடுத்துத் தைலம் விடுகிறார்கள். நனைந்த காய் தன் செதில்களை மூடிக்கொள்ளும், உலர்ந்தால்தான் விரியும். நூறு பாகைச் சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து விரிந்த பின், உள்ளிருக்கும் பூச்சிகளும் போன பின், ஆறவிட்டுச் செதில்களின் அடியில் துளி விட வேண்டும். காய்களை வீதியோரத்திலும் தோட்ட எல்லைகளிலும் விழுந்தவற்றிலிருந்து பொறுக்கலாம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் எதையும் எடுக்கக் கூடாது.

மணத்தைத் தெரிவு செய்வதில் பொறுமை வேண்டும். தோடம்பழம், எலுமிச்சை ஆகியவற்றின் தைலங்கள் முதலில் எழுந்து முதலில் மறைபவை. அவற்றை மட்டும் நம்பி நத்தாருக்கு ஒரு வாரம் முன்பே மணமூட்டினால் பண்டிகையன்று ஒன்றும் மிஞ்சாது. அவற்றோடு தாமதமாக ஆவியாகும் ஒரு மணத்தைச் சேர்க்க வேண்டும். தேயிலைச் சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்க நடப்படும் வெட்டிவேரின் தைலம் இதற்கு மிகச் சிறந்தது. சாம்பிராணியைப் பொடித்து, கறுவாமா பிசையும்போதே ஒரு தேக்கரண்டி சேர்ப்பதும் பயன்தரும். அந்தப் பிசின் மற்ற மணங்களைப் பிடித்துவைக்கும் தன்மையுடையது என்பதால் வாசனைத் தொழிலிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கறுவாத் தைலம் என்று கேட்டு வாங்கும்போது பட்டையா, இலையா என்று பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. விலை குறைந்தது பெரும்பாலும் இலைத் தைலம். பட்டைத் தைலத்தின் இனிப்பான மணத்துக்குக் காரணம் சின்னமல்டிஹைட். இலைத் தைலத்தில் மிகுந்திருப்பது கராம்பிலும் உள்ள யூஜினோல். இலைத் தைலத்தோடு கராம்புத் தைலத்தையும் சேர்ப்பவர் இரண்டு மணங்களைச் சேர்ப்பதாக எண்ணி ஒரே மணத்தை இரட்டிப்பாக்குகிறார்; வீடு பல் வைத்தியரின் அறையைப் போல மணக்கும். சிட்ரோனெல்லா, யூக்கலிப்டஸ் ஆகியவை எளிதில் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை நத்தார் மரத்தில் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. ஒன்று நுளம்பு விரட்டியையும் மற்றது தடிமனையும் நினைவூட்டும். ஒரு துளி மிகுந்தாலும் மற்ற எல்லா மணங்களையும் அமுக்கிவிடும். விலை மலிந்த சென்ட் வகைகளைத் தைலம் என்று விற்பதும் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தோடம்பழத் தைலமோ யூக்கலிப்டஸோ எண்ணெய் வளையம் எதையும் விடாமல் மறைந்திருக்க வேண்டும். வெட்டிவேர் போன்ற கனத்த தைலங்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

அளவில் மலைநாட்டுக்கே உரிய ஒரு ஏமாற்றம் இருக்கிறது. குளிர்ந்த காலை வேளையில் தைலம் மெதுவாக ஆவியாவதால் மணம் போதாததுபோலத் தோன்றும். அதை நம்பி மேலும் மேலும் துளிகளை விடுகிறார்கள். நத்தார் இரவில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, உறவினர் நிறைந்து, அடுப்பும் எரிந்து அறை வெம்மையாகும்போது, விட்ட அத்தனையும் ஒரேயடியாக எழுந்து தலைவலியைத் தரும். செய்தவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிப்போயிருப்பதால் அவரால் இதைக் கணிக்க முடியாது. மாலையில், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது, வெளியிலிருந்து வரும் ஒருவரிடம் கேட்டு அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு சிறிய அறைக்கு மணமுள்ள அலங்காரங்கள் நான்கைந்து போதும். மற்றவை மணமின்றியே தொங்கட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவரைக் கேட்காமல் எதையும் தொங்கவிட வேண்டாம்.

தைலம் படக்கூடாத பொருட்கள் பல. ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் உருண்டையில் தோடம்பழத் தைலம் பட்டால் அந்த இடம் கரைந்து குழியாகும், ஏனெனில் அதிலுள்ள லிமொனீன் பொலிஸ்டைரினைக் கரைக்கும். ஒளிபுகும் பிளாஸ்டிக் பந்துகள் மங்கி வெடிக்கும். மின்விளக்குச் சரத்தின் வயர் உறையில் தைலம் ஊறினால் அது இளகிப் பழுதாகும் என்பதால், நனைத்த குஞ்சம் வயரைத் தொடாதபடி கட்ட வேண்டும். மெழுகுதிரிக்கு அருகில் வைக்கவே கூடாது: தோடம்பழம், யூக்கலிப்டஸ் ஆகியவற்றின் தைலங்கள் ஏறத்தாழ 50 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். பாலன் குடிலில் வைக்கோலும் மெழுகுதிரியும் அருகருகே இருக்கும் வீடுகளில் தைலமிட்ட எதையும் குடிலுக்குள் வைக்காதீர்கள்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்கிறவர்கள் மா உருட்டுவதையும் வெட்டுவதையும் வர்ணம் பூசுவதையும் அவர்களிடம் கொடுக்கலாம். தைலப் போத்தலைக் கொடுக்கக் கூடாது. கறுவாப்பட்டைத் தைலமும் கராம்புத் தைலமும் தோலை எரித்துச் சிவக்க வைக்கும், சிலருக்கு நிலையான ஒவ்வாமையையும் உண்டாக்கும். பெரியவர்களும் கையுறை அணிந்து, சொட்டுக்குழாயால் மட்டுமே கையாள வேண்டும். விழுங்கினால் ஏற்படும் ஆபத்து இதைவிடப் பெரிது. யூக்கலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி அளவிலேயே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். வலிக்குப் பூச வைத்திருக்கும் வின்டர்கிறீன் தைலத்தின் 5 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 7 கிராம் அஸ்பிரினுக்கு ஈடான நஞ்சு உண்டு. மணத்துக்காக அதை எடுப்பதை அறவே தவிருங்கள். தைலத்தை மருந்துப் போத்தலுக்கோ குளிர்பானப் போத்தலுக்கோ மாற்றி வைப்பதும் கூடாது. பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லாத தோட்டங்களிலிருந்து 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கலாம். பூனையின் ஈரல் இந்தத் தைலங்களைச் சிதைக்கும் திறன் குறைந்தது. நாய்க்கோ உப்புச் சேர்த்த மா அலங்காரத்தின் உப்பே நஞ்சாகும். ஆகவே மரத்தின் கீழ்க்கிளைகளைத் துணி அலங்காரங்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுச் சமையலறை அலுமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். தேயிலை அருகிலுள்ள மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை நம்மில் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். கராம்பு மணக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த தேயிலைத்தூளும் கராம்பாகவே மணக்கும். மணமூட்டிய குஞ்சங்களையும் காய்களையும் கழற்றி, மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் தனியாக, சமையலறைக்கு வெளியே வையுங்கள். மா அலங்காரங்களை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கி, துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசியை ஈரம் இழுக்க அதனுள் வைக்கலாம். பெப்ரவரியில் வெயில் எறிக்கும் நாட்களில் ஒருமுறை திறந்து காயவைத்து, அரிசியை மாற்றி மீண்டும் மூடுங்கள்.